அண்ணிக்கு ஒரு சின்ன வீடு

திண்டிவனம்

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுவது. வானூர் வீட்டை விற்றுவிட்டுத் தாம்பரம் பக்கம் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கி, அம்மாவை அழைத்துக்கொண்டு போகப்போவதாகப் போனில் சொன்னாய். போனில் பதில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

பெரிய வீட்டை விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கும் உன் எண்ணம்தான். நான் பிறந்த வீடு அது. ஆனாலும், மூன்று தலைமுறை சேர்ந்து சாப்பிட்ட கூடத்தை ஒரு பெண்பிள்ளை தினமும் தனியாகப் பெருக்கிக் கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குச் சராசரி நாலு பேர்தான். அந்த ஓட்டு வீடு அதைப்போல மூன்று மடங்கு ஆட்களுக்குக் கட்டியது. அதே வருஷம் டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தபோது உன் அப்பா இருந்தார். ஆள் வைத்து ஓடு மாற்றினார். 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. அந்த ராத்திரி முழுக்க அண்ணி ஒருத்தியாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து முற்றத்துத் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்திருக்கிறார். இன்னொரு மழைக்காலத்தை அவர் அப்படிக் கழிக்கக் கூடாது.

ஆனால் வீட்டோடு சேர்த்து ஊரையும் அவரிடமிருந்து எடுத்துவிடாதே. அவருடைய ஒரு நாளை நினைத்துப் பார். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம். எதிர்வீட்டுக்காரியோடு அரைமணி நேரப் பேச்சு. செவ்வாய்க்கிழமை மகளிர் குழு. முந்திரி உடைக்கிற காலத்தில் பின்னாடி தோட்டத்தில் நாலைந்து பெண்கள். பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்ரகாளியம்மன். சர்க்கரை மாத்திரைக்கு ஜிப்மர் போகும்போதுகூட, கூட வருகிறவர்களோடு பஸ்ஸில் சிரித்துக்கொண்டுதான் போவார். நீயும் உன் மனைவியும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால் தாம்பரத்தில் சாயங்காலம் வரைக்கும் அவரோடு பேச யார் இருக்கிறார்கள்? உன் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பகல் பொழுதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அதனால் நான் சொல்வது இது. மனை மொத்தம் பன்னிரண்டு சென்ட். ரோட்டுப் பக்கம் வீட்டோடு சேர்ந்த பகுதியை விற்றுவிடு, விலை அதற்குத்தான். தோட்டத்துப் பக்கம் ஐந்து சென்ட்டை வைத்துக்கொண்டு அதில் அண்ணிக்கு ஒரு சின்ன வீடு கட்டு. ஒரு அறை, ஒரு கூடம், சமையலறை, அறையை ஒட்டியே குளியலறை. ஐந்நூறு சதுர அடி தாராளம். இப்போது 2,500 சதுர அடி வரைக்குமான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்களுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கொடுக்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த திட்டம். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி.

விற்பதற்கு முன்னால் உட்பிரிவு செய்து, பின்பக்கத்துக்குத் தனிப் பட்டா வாங்கிவிடு. அதைவிட முக்கியம் பாதை. வாங்குகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "நடந்து போங்கம்மா, யார் கேட்கப்போறா" என்ற பேச்சை நம்பாதே. பன்னிரண்டு அடி அகலத்தில் ரோடு வரைக்கும் ஒரு கீற்றை விற்காமல் அண்ணி பெயரிலேயே நிறுத்திக்கொள். 108 வண்டி வாசல் வரைக்கும் வர வேண்டும். ஒரு சென்ட் விலை குறைந்தாலும் பரவாயில்லை. பாதைத் தகராறில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனதை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

கட்டும்போது இரண்டு விஷயம் ஒன்றோடொன்று மோதும். வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்தினால் ஏறுவது கஷ்டம். இரண்டு அடி உயர்த்தினால் சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுப் பாதைக்கு இருபத்துநான்கு அடி நீளம் வேண்டும். அடிக்குப் பன்னிரண்டு அடி என்பது கணக்கு. அந்தக் கீற்றுப் பாதை நீளமாகத்தானே இருக்கிறது, அதிலேயே மண்ணைச் சரித்துக் கொண்டுவரச் சொல். கதவெல்லாம் மூன்றடி. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்துவிட்டவர் மேலேயே கதவு முட்டினால் யாராலும் உள்ளே போக முடியாது. மேஸ்திரி பளபளக்கிற டைல்ஸ் காட்டுவார். வேண்டாம், சொரசொரப்பானதாகப் போடு. ஒரு திண்ணை கட்டாயம் வேண்டும். நான் இங்கே இரண்டு அறைக்கு மாறிவந்த பிறகு அறைகள் குறைந்ததை ஒருநாளும் நினைக்கவில்லை. வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து பேச இடமில்லாமல் போனதுதான் என்னை வாட்டியது.

இனிப் பத்திரம். அப்பாவின் பங்கில் உன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் உனக்கும் சம உரிமை. கல்யாணமான பெண்ணுக்கு என்ன பங்கு என்று ஊரில் யாராவது சொன்னால் காதில் வாங்காதே. பரம்பரைச் சொத்தில் பெண்களுக்கு மகன்களோடு சமமான உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. அக்காவைக் கூப்பிட்டு, அம்மாவின் எதிரில் உட்கார்ந்து பேசு. தாத்தா வழியில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதற்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வானூர் பதிவாளர் ஆபீஸுக்கு நானே வருகிறேன், ஒரு ரூபாய் வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதிக்கொள்வதற்கு 2023 ஜூலையிலிருந்து முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனால் அத்தைக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்தச் சின்ன வீடு அண்ணி பெயரில்தான் இருக்க வேண்டும்.

உனக்கோ அக்காவுக்கோ இப்போதே செட்டில்மென்ட் எழுதி வைக்கிறேன் என்று அண்ணி கிளம்புவார், அவர் சுபாவம் அது. நீயே தடுத்துவிடு. உயில் எழுதட்டும். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சி போதும், மனசு மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் எழுதிவிட்டால் சுலபமாகத் திரும்பாது. பெற்றோர் பராமரிப்புக்கு 2007-இல் ஒரு சட்டம் வந்தது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு வாங்கி, பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அதன்கீழ் பத்திரத்தை ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்ததை ரத்து செய்தது. ஆனால் அதற்கு அந்த அம்மாள் எத்தனை படி ஏறியிருப்பார்! நம் வீட்டில் யாரும் அப்படி ஏற வேண்டியதில்லை.

விற்ற லாபத்துக்கு வரி உண்டு. அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு. அண்ணியின் லாபம் மூன்று வருஷத்துக்குள் புது வீடு கட்டுவதில் போனால் அந்த அளவுக்கு விலக்குக் கிடைக்கும். கணக்குத் தாக்கல் செய்கிற கெடுவுக்குள் செலவாகாததை பாங்கில் அதற்கென்று இருக்கிற மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். ஆடிட்டரைப் பார்.

அப்பாவின் வருஷ காரியம் முடிகிறவரை எதிலும் கையெழுத்து வாங்காதே. துக்கத்தில் இருக்கிறவர் எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்பார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாமான்களைப் பற்றித்தான் அண்ணி அதிகம் கவலைப்படுவார். நீ சென்னையிலிருந்து ஆள் கூட்டிவந்து ஒரே நாளில் காலி செய்துவிடாதே. எது யாருக்கு என்று அவரே சொல்லட்டும். பெரிய அண்டாவும் தவலையும் கல்யாணம் காட்சிக்குத் தெருவே எடுத்துப் புழங்கியவை. கோயிலுக்குக் கொடுக்கலாமா என்று கேள். நமக்காகக் காலமெல்லாம் கழனியில் உழைத்த பெண்களுக்கும் அவர் கையால் ஏதாவது போகட்டும். தூண்களையும் நிலைக்கதவையும் வாங்கப் புதுச்சேரியிலிருந்து பழைய மரக்காரர்கள் வருவார்கள். பழைய வீட்டின் மரம் வீணாகப் போக வேண்டியதில்லை. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில், இடிக்கவிருந்த வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நம் தலைவாசல் நிலையை மட்டும் விலை பேசாதே. சின்ன வீட்டு வாசலில் அதையே வைத்துவிடலாம். கட்டட வரைபடம் போடும்போதே அதன் அகலத்தை அளந்து கொடுத்துவிடு.

அடுத்த பள்ளி லீவில் அக்காவையும் பிள்ளைகளையும் வரச்சொல். நானும் வந்து பத்து நாள் இருக்கிறேன். பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி அண்ணி முன்னால் வைக்கலாம்.

அன்புடன்,
அத்தை