தண்ணீர் கேட்டும் தராதது ஏன்?

கேள்வி: மூளை அறுவை சிகிச்சை முடிந்து ஐ.சி.யு.வில் இருக்கும் அப்பா தண்ணீர் கேட்கிறார். ஒரு வாய்கூடத் தர மறுப்பது ஏன்?

பதில்: விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ள வேண்டும். இதை ஒருங்கிணைப்பது மூளைத்தண்டு. அங்கே பாதிப்போ வீக்கமோ இருந்தால் தண்ணீர் நுரையீரலில் இறங்கி நிமோனியா வரலாம். இருமலே வராமல் இறங்குவதுதான் பெரிய ஆபத்து.

அதனால் முதலில் விழுங்கும் பரிசோதனை. உதாரணமாக, பக்கவாத நோயாளிகளுக்காக 2007இல் ஆஸ்திரிய மருத்துவக் குழு வெளியிட்ட ‘கஸ்’ முறையில் முதலில் எச்சில், பிறகு கூழ் போன்ற உணவு, அதன்பின்தான் தண்ணீர்.

தேறும்வரை மூக்குக் குழாய் வழியே உணவு. அப்போதும் எச்சிலோ வாந்தியோ நுரையீரலுக்குள் போகலாம். எனவே படுக்கையின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். வாயும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பாசத்தில் ஒளித்துக் கொடுக்கும் ஒரு ஸ்பூன் இளநீரும் ஆபத்தே. உதடு காய்ந்தால், செவிலியரிடம் கேட்டு ஈரப் பஞ்சால் துடைக்கலாம்.