வைஃபை வரலையா? கார்டை மாற்றும் முன் படிங்க!

2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த லேப்டாப் இன்னும் சில வீடுகளில் இருக்கு. புதுசா லினக்ஸ் போட்டதும் வைஃபை காணோம்னா, "கார்டு போச்சு" என்று உடனே காசு செலவழிக்காதீங்க.

காரணம் என்ன?
நம்ம ஊர் கம்ப்யூட்டர் காலர் மெஷினை நினைச்சுப் பாருங்க. மெஷின் இருக்கு, ஆபரேட்டரும் வந்தாச்சு. டிசைன் ஏத்தாம காலர் வருமா? வைஃபை கார்டு மெஷின் மாதிரி, டிரைவர் ஆபரேட்டர், ஃபர்ம்வேர்தான் டிசைன். கரண்ட் போனால் பல கார்டுகள் அதை மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், ஹார்டு டிஸ்க்கில் உள்ள ஃபர்ம்வேர் ஃபோல்டரிலிருந்து டிரைவர் எடுத்து ஏற்றும்.

செய்முறை:
1. டெர்மினலில் 'சூடோ' போட்டு, இடம் விட்டு, டி-எம்-இ-எஸ்-ஜி என்று அடியுங்க.
2. ஃபர்ம்வேர் பற்றிய வரியில் 'மைனஸ் 2' வந்தால், அந்தக் கோப்பு இல்லை என்று அர்த்தம். கார்டைக் குறை சொல்ல வேண்டாம்.
3. செல்போனை யூஎஸ்பி வயரில் மாட்டி நெட் எடுங்க. அந்த வரியில் உள்ள பெயருக்கு ஏற்ற ஃபர்ம்வேர் தொகுப்பை இன்ஸ்டால் செய்யுங்க. இன்டெல்லுக்கு வேறு, ரியல்டெக்குக்கு வேறு.
4. ரீஸ்டார்ட்!

தெரியுமா?
பாஸ் லினக்ஸுக்கு அடிப்படை டெபியன். 2023-ல் வந்த டெபியன் 12 முதல், இன்ஸ்டால் செய்யும்போதே இந்தக் கோப்புகளும் சேர்ந்தே வருகின்றன. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் நாமேதான் போடணும்.

முதலில் மெசேஜைப் படிப்போம். பிறகு கடைக்குப் போவோம்!

– 12-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு