தழும்பு சின்னது என்றால் அறுவையும் சின்னதா?

நம்பிக்கை: இடுப்பு மூட்டில் என்ன கோளாறானாலும் துளை போட்டே சரிசெய்துவிடலாம். திறந்து செய்வது பழைய முறை.

உண்மை: ஆர்த்ரோஸ்கோப்பி எனும் துளை அறுவையில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு மூன்று துளைகள்தான். இடுப்பெலும்புக் கிண்ணத்தின் விளிம்புச் சவ்வு கிழிந்தாலோ, அதற்குள் சுழலும் தொடையெலும்புப் பந்துக்குக் கீழே எலும்பு புடைத்து உரசினாலோ அது நல்ல வழி. ஆனால் கிண்ணமே ஆழமில்லாமல் வளர்ந்தவருக்கு விளிம்பைச் செதுக்கினால் பந்து இன்னும் நழுவும். அவருக்குக் கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, திருப்பிப் பொருத்த வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் உருவாக்கி 1988-இல் வெளியிட்ட அறுவை அது. தேய்மானம் முற்றி, எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனவருக்கும் துளை அறுவையால் பெரிய பலன் இருக்காது. பணமும் செலவழித்து, சீக்கிரமே மூட்டு மாற்றத்துக்கும் வந்து நிற்க நேரலாம். எத்தனை தையல் என்று விசாரிக்கும் நாம், இடைவெளி எவ்வளவு மிச்சம், கிண்ணம் எவ்வளவு ஆழம் என்று கேட்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நம்பிக்கை: திறந்து செய்யும்போது பந்தைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுத்தால் எலும்பு செத்துவிடும்.

உண்மை: இந்தப் பயம் வெறும் பயமல்ல. பந்துக்கு ரத்தம் கொண்டுபோவது, பெரும்பாலும் பின்பக்கமாக வளைந்து ஏறும் ஒரே தமனியின் கிளைகள். கான்ஸ் குழு அதன் பாதையைக் கண்டறிந்து, அதற்குச் சேதம் வராமல் பந்தை முன்பக்கமாக நழுவவைக்கக் கற்றது. 213 இடுப்புகளில் அப்படிச் செய்து 2001-இல் வெளியிட்டார்கள். ஒன்றில்கூடப் பந்து சாகவில்லை. இந்த முறையில் தொடையெலும்பின் வெளிமுனையை வெட்டித் திருகாணியால் பொருத்துவதால் பல வாரம் ஊன்றுகோல் வேண்டும். அது உண்மையான சிரமம்தான்.

நம்பிக்கை: மூட்டு மாற்றத்தில் கீறல் சிறிதானால் சீக்கிரம் நடக்கலாம்.

உண்மை: பெல்ஃபாஸ்டில் 219 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு 10 சென்டிமீட்டருக்குள், மறுசாராருக்கு 16 சென்டிமீட்டர் கீறல் போட்டார்கள். 2005-இல் வெளியான முடிவு: வலியிலோ ஆரம்ப நடையிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

நம்பிக்கை: துளைதானே, ஆபத்தே இல்லை.

உண்மை: கேமரா நுழைய இடம் வேண்டும் என்பதால் காலைக் கருவியில் மாட்டி இழுத்துவைப்பார்கள். அந்த இழுப்பில் நரம்பு அழுந்தி, கவட்டையிலோ பாதத்திலோ மரத்துப்போகலாம். பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடும். ஆனாலும், கையெழுத்து வாங்குமுன் அதை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.