சாக்கடைத் தண்ணியும் சாலட்டும்

இந்த வார எபிசோட்ல நேரமில்லாம விட்டுப்போன கேள்வி: சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி, பச்சையா சாப்பிடுற காய்கறிக்குப் பாய்ச்சலாமா?

பாய்ச்சலாம். பே ஏரியாவுக்குத் தெற்கே, மான்டரே கவுண்டியில காஸ்ட்ரோவில் பக்கம் 1998-லிருந்து அதைத்தான் செய்யறாங்க. சுமார் 12,000 ஏக்கர்; லெட்டூஸ், ஸ்ட்ராபெரி, ஆர்டிசோக் எல்லாம் உண்டு. அங்கே கிணறுகளில் அளவுக்கு மீறி இறைச்சதால கடல்நீர் நிலத்தடிக்குள்ள வந்துடுச்சு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்லயும் இதே கதைதான்.

சுத்திகரிப்பு எப்படி நடக்குது? முதல்ல தொட்டியில நிறுத்தினா கனமானது அடியில படியும். அடுத்து, கரைஞ்சிருக்கிற அழுக்கை பாக்டீரியா தின்னுடும். பல ஊர்கள் இதுக்கு மேல கிருமியை மட்டும் கொன்னுட்டு ஆத்துல விட்டுடும். (நம்ம பார்சிப்பனி தண்ணி விப்பனி ஆத்துல விழுந்து, பசேயிக் ஆத்துல சேருது. கீழே லிட்டில் ஃபால்ஸ்ல அந்த ஆத்திலிருந்துதான் குடிநீர் எடுக்கறாங்க. முகம் சுளிக்கிறதுக்கு முன்னாடி இதையும் யோசிங்க!)

சாலட் பயிருக்கு மூன்றாம் கட்டம் வேணும்: மிச்சமிருக்கிற நுண்துகள்களை ரசாயனம் போட்டுத் திரள வெச்சு, வடிகட்டி, பிறகு குளோரின். துகளுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வைரஸை குளோரின் எளிதில் எட்டாது. அதனாலதான் வடிகட்டல் முதல்ல.

விவசாயிகள் சும்மா நம்பிடலை. 1980-லிருந்து 1985 வரை கிணத்துத் தண்ணியையும் இந்தத் தண்ணியையும் தனித்தனிப் பாத்திகளில் பாய்ச்சி ஒப்பிட்டாங்க. வடிகட்டி குளோரின் போட்ட தண்ணியில வைரஸ் எதுவும் சிக்கலை; விளைச்சலும் குறையலை.

பெங்களூரு வேற வழியில போச்சு. 2018-லிருந்து கோலார் ஏரிகளை நிரப்பற தண்ணி இரண்டாம் கட்டத்தோட வந்தது. காய்ஞ்சு கிடந்த ஏரிகள் நிறைஞ்சது பெரிய விஷயம். ஆனா ஏரித் தண்ணி நிலத்துக்குள்ள இறங்கி கிணத்துக்குத்தான் போகும். மூன்றாம் கட்டம் கேட்டு அங்குள்ளவங்க கோர்ட் வரைக்கும் போனதுல நியாயம் இருக்குன்னே நினைக்கிறேன்.

காஸ்ட்ரோவில்லயும் ஒரு தலைவலி மிச்சம்: உப்பு. மேலே சொன்ன எந்தக் கட்டமும் உப்பை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும், ஆனா செலவு அதிகம். சோடியம் ஏறினா களிமண் இறுகி, தண்ணி உள்ளே இறங்காது. அந்தச் சோடியத்துல ஒரு பங்கு வீடுகளின் வாட்டர் சாஃப்ட்னர்லேருந்து வருது. டைமர் வெச்ச பழைய மாடல், தண்ணி செலவானாலும் ஆகாட்டாலும் சொன்ன நேரத்துக்கு உப்புநீரைக் கொட்டும். தண்ணிச் செலவை அளந்து ஓடற மாடல் அந்த அளவு கொட்டாது. உங்க வீட்டு பேஸ்மென்ட்ல எது இருக்குன்னு பார்த்து எழுதுங்க.