கயிறு அறுந்தால் என்ன ஆகும்?



என் அப்பா கொடைக்கானல் ஏரிக்கரையில் டூரிஸ்ட்காரர்களைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன லீவில் "பாலிடெக்னிக்ல என்னப்பா சொல்லிக் குடுக்குறாங்க?" என்று கேட்டார். "ஆளில்லாத வண்டியைக் கயிறு கட்டிக் கடலுக்குள்ள இறக்குறாங்கப்பா. அந்தக் கயிறுக்குள்ள இருக்கிற கண்ணாடி இழையை ஒட்டுறதைப் பத்திப் படிக்கிறேன்" என்றேன். "சரி, கயிறு அறுந்தா?" என்றார். குதிரைக்காரர் அல்லவா! அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதற்கு இந்தக் கயிறு?

1993-ல் தொடங்கப்பட்ட தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நம் சென்னையில்தான் இருக்கிறது. அவர்கள் உருவாக்கிய 'ரோசப் 6000' என்னும் வண்டி, 2010-ல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. அங்கே தண்ணீரின் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 530 மடங்கு!

ரேடியோ அலை கடல் நீருக்குள் சில மீட்டர் போவதற்குள் செத்துவிடும். ஆகவே இந்த வண்டிக்குக் கேபிள் தேவை. அதில் செம்புக் கம்பி மின்சாரத்தைக் கொண்டு போகும். ஒளியிழை கேமரா படத்தையும் கட்டளைகளையும் சுமக்கும். பக்கத்திலேயே உயர் மின்னழுத்தம் ஓடினாலும் ஒளிக்கு இரைச்சல் ஏறாது. இதுதான் இதன் பெரிய லாபம்.

இழையின் கதை

சிங்கிள் மோட் இழையின் மையம் சுமார் 9 மைக்ரான், அதைச் சுற்றிய கண்ணாடி 125 மைக்ரான், மேல்பூச்சுடன் 250 மைக்ரான். மையத்தோடு ஒப்பிட்டால் நம் தலைமுடியே தாம்புக்கயிறு! ஆகவே ஒரு தூசி உட்கார்ந்தாலும் ஒளி நின்றுவிடும்.

ஒட்டும் முறை

1. முதலில் பாதுகாப்பு ஸ்லீவை இழையில் நுழைத்துவிட வேண்டும்.
2. ஸ்ட்ரிப்பரால் மேல்பூச்சை உரிக்க வேண்டும்.
3. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத தாளால் துடைக்க வேண்டும்.
4. கிளீவரால் நேர் செங்குத்தாக வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு முனையைத் தொடவே கூடாது.
5. ஃபியூஷன் மெஷினில் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும்.
6. ஸ்லீவை ஒட்டின இடத்துக்கு நகர்த்திச் சூடேற்ற வேண்டும்.

முதல் படியை நான் மறந்தேன் நண்பர்களே! லேபில் அருமையாக ஒட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால் ஸ்லீவ் மேஜை மேலே சிரிக்கிறது. ஒட்டினதை வெட்டிப்போட்டு மறுபடி தொடங்கினேன். லேபில் பத்து நிமிஷம்தான் நஷ்டம். ஆடுகிற கப்பலில், வண்டி காத்துக்கொண்டிருக்கும்போது இப்படி மறந்தால்?

நம் மலைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். காற்றழுத்தம் மாறினால் மின்பொறியின் சூடும் மாறும். சமவெளியில் சரிசெய்த மெஷினை 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தால், ஆர்க் காலிப்ரேஷன் செய்த பிறகே ஒட்ட வேண்டும். மூடுபனி நாளில் கனெக்டர் முகத்தில் ஈரம் படியும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்!

கணக்கு

கப்பலில் கேபிள் சுற்றும் உருளை சுழன்றுகொண்டே இருக்கும். அங்கே ஒளியைக் கடத்த 'ரோட்டரி ஜாயின்ட்' தேவை. ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். 6 கி.மீ. இழைக்கு (கி.மீ.க்கு 0.35 வீதம்) 2.1 டெசிபல், நான்கு ஒட்டுகளுக்கு 0.4, இரண்டு கனெக்டருக்கு 1.0, ரோட்டரி ஜாயின்டுக்கு 2.0. மொத்த இழப்பு 5.5 டெசிபல். கருவிகள் 18 டெசிபல் வரை தாங்கும் என்றால் மிச்சம் 12.5. இந்த மிச்சம்தான் நம் உயிர்ப்பிடி.

ஜாக்கிரதை!

வெட்டிய துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. வேலை செய்யும் மேஜையில் எதையும் தின்னாதீர்கள். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். இழை முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. கேபிளை அதன் விட்டத்தைப் போல் 10 மடங்குக்கும் குறைவான ஆரத்தில் வளைக்காதீர்கள். இழுவிசை இருந்தால் 20 மடங்கு.

அப்பாவுக்குப் பதில்

உள்ளே ஓர் இழை மட்டும் ஒடிந்தால் உபரி இழைக்கு மாற்றலாம். முனை பழுதானால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டலாம். கேபிளே அறுந்தால்? ஜப்பானின் 'கைக்கோ' 1995-ல் மரியானா அகழியின் அடியைத் தொட்ட வண்டி. 2003 மே மாதம் கேபிள் அறுந்து கடலில் போனது. பிறகு கிடைக்கவே இல்லை.

இதைக் கேட்ட அப்பா, "அதான்டா, நான் தினம் காலையில சேணம் கட்டுறதுக்கு முன்னால கயிறை முழுக்கத் தடவிப் பார்க்கிறேன்" என்றார். நாம் ஓ.டி.டி.ஆர். கருவியில் ஒளியை அனுப்பி, எத்தனையாவது மீட்டரில் பழுது என்று பார்ப்பதும் அதே தடவல்தான். வண்டியை இறக்கும் முன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாத என் அப்பாவுக்கு இது தெரிந்திருக்கிறது. டிப்ளமோ வாங்கப்போகும் நாம் மறக்கலாமா?



— மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை