மேய்ப்பனின் குரல் கேட்டால் எழுந்து நடப்போம்

வாசிக்க: சங்கீதம் 23, யோவான் 10:1-16, எசேக்கியேல் 34:1-10



23ஆம் சங்கீதத்தை நம்ம லயத்துச் சின்னப் பிள்ளைகளும் பார்க்காமல் சொல்லுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலும், சாவு வீட்டிலும் நாம் சொல்லும் ஜெபம் அது. ஆனால் கடவுளை மேய்ப்பன் என்று நம்புகிறவர் என்ன செய்ய வேண்டும்? அதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. மேய்ப்பன் முன்னால் நடக்கிறவர்

மலையில் கொழுந்து எடுக்கும்போது கங்காணி பின்னால் நின்று சத்தம் போடுவார். யோவான் 10இல் இயேசு காட்டும் மேய்ப்பன் அப்படியல்ல. அவர் முன்னால் நடக்கிறார். ஆடுகள் குரலை அறிந்து பின்னால் போகின்றன.

லயத்துப் பின்பக்கம் ஆடு வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். வேற ஆள் கூப்பிட்டால் ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும், வராது. தினமும் புல் போடுகிற அம்மா கூப்பிட்டால் ஓடி வரும். ஒரு நாளில் வந்த பழக்கம் அல்ல அது. நாமும் தினமும் வேதம் வாசித்து ஜெபித்தால்தான் ஆபத்து நேரத்தில் அவர் குரல் எது என்று தெரியும்.

2. நம்பிக்கை என்றால் சும்மா இருப்பதல்ல

2014 அக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பியபோது வீடு இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது.

"ஏன் போகவில்லை?" என்று கேட்பது சுலபம். எங்கே போவது? சொந்தக் காணி இல்லை, வேறு வீடு இல்லை, வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. இறந்தவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்றோ, அது கடவுளின் தண்டனை என்றோ யாரும் சொல்ல வேண்டாம்.

சங்கீதத்தைக் கவனித்துப் பாருங்கள். இருண்ட பள்ளத்தாக்கே வராது என்று அது சொல்லவில்லை. ஆடு அங்கே குடியிருக்கவும் இல்லை. மேய்ப்பனோடு நடந்து அதைக் கடக்கிறது. தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னபோது இயேசுவும் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிப்பது நம்பிக்கை ஆகாது (மத்தேயு 4:5-7).

ஆகவே மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேறுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று இவற்றைக் கண்டால் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போய், 117க்கு அறிவியுங்கள். "சாமி பார்த்துக்குவார்" என்று படுத்திருக்க வேண்டாம். எழும்பச் சொல்லுகிற குரலிலும் மேய்ப்பன் பேசலாம்.

3. மேய்ப்பர்களுக்கும் கணக்கு உண்டு

மந்தையை விட்டுவிட்டுத் தங்களையே போஷிக்கிற மேய்ப்பர்களிடம் கடவுள் கணக்குக் கேட்பதை எசேக்கியேல் 34 சொல்லுகிறது. நிர்வாகம், சங்கம், சபை, எங்களைப் போன்ற நலன்புரி அமைப்புகள் எல்லாருக்கும் இது பொருந்தும். "போ" என்று மட்டும் சொல்வது பாதி வேலை. போவதற்கு இடம் காட்டுவதே மேய்ப்பன் வேலை.

ஆயர் என்ற சொல்லுக்கே மேய்ப்பர் என்றுதான் பொருள். 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாக உருவானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார அந்த இடத்தை விட்டு இங்கே வந்தார். 1982இல் இறக்கும்வரை நம்ம ஊவா மக்களோடு இருந்தார். மக்கள் இருக்கும் இடத்துக்கு முதலில் தானே போகிறவர்தான் மேய்ப்பர்.

நாமும் ஒருவருக்கொருவர் மேய்ப்பர்தான். ராத்திரி மழை பலத்தால், பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கும் ஆத்தாவை யார் எழுப்புவது?

குடும்பமாகப் பேசுவோம்

- நம்ம லயத்துக்கு மேல் உள்ள மலையை இந்த மாதம் யாராவது பார்த்தார்களா?
- அவசரத்துக்கு எங்கே போவது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா?
- கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் யார்?

ஜெபம்: நல்ல மேய்ப்பரே, உமது குரலை அறியும் காதையும், அறிந்ததும் எழுந்து நடக்கும் காலையும், பக்கத்து வீட்டாரை விட்டுப் போகாத மனதையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.