எழுதாத பிள்ளையின் மதிப்பெண்



ஆண்டு முடிவில் இருப்பெடுக்கும்போது நனைந்த மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மற்றவற்றை மட்டும் காட்டி, "நம் சரக்கெல்லாம் முதல் தரம்" என்று ஒரு முதலாளி சொன்னால், அனுபவமுள்ள கணக்கப்பிள்ளை அதை ஒப்புக்கொள்வாரா? ஜக்காத்துக் கணக்கிலும் அப்படியே. நம்மவர் பின்பற்றும் ஷாஃபியீ, ஹனஃபீ மத்ஹபுகளில், தேங்கிக் கிடக்கும் வியாபாரச் சரக்கையும் அன்றைய விலைக்கு மதிப்பிட்டே ஆகவேண்டும். பள்ளிக்கூடப் பரீட்சைக் கணக்கிலும் இக்கேள்வி எழுந்தது. எழுந்த இடம் அமெரிக்கா.

அந்நாட்டில் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு என்றொரு சோதனை 1969 முதல் நடந்துவருகிறது. 1990 முதல் மாநிலங்களை ஒப்பிடவும் அது பயன்படுகிறது. எல்லோரும் எழுதுவதில்லை, மாதிரியாகச் சிலரையே தேர்ந்தெடுப்பர். வாசிப்புச் சோதனையின் அளவுகோல் 0 முதல் 500 வரை. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரில் ஊனமோ கற்றல் குறையோ உள்ளவர்களையும், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்களையும், எழுத இயலாதவர் என்று கருதினால் பள்ளியார் விலக்கலாம். இங்கேதான் வில்லங்கம்.

கென்டக்கி மாநிலத்து 4ஆம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புச் சராசரி 1994இல் 212, 1998இல் 218. ஆறு புள்ளி ஏற்றம்! ஆனால் அதே காலத்தில் விலக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிலிருந்து 10 பேர் வரை பெருகியிருந்தனர். ஏற்றத்தில் உபாத்தியாயரின் உழைப்பு எவ்வளவு, பிள்ளைகள் வெளியே நின்றதன் பலன் எவ்வளவு என்று கேட்காமல் இருக்க முடியுமா?

விலக்கியதால் அவர்களுக்கு மதிப்பெண்ணே போடவில்லை என்று எண்ணுகிறோம். அது தவறு. ஒரு வகுப்பில் 20 பிள்ளைகள்; 18 பேர் எழுதிச் சராசரி 60 என வைத்துக்கொள்வோம். "வகுப்பின் சராசரி 60" என்று சொல்லும்போதே, எழுதாத இருவருக்கும் ஆளுக்கு 60 போட்டுவிட்டோம் என்பதே அதன் பொருள். அவர்கள் எழுதி ஆளுக்கு 30 வாங்கியிருந்தால் உண்மைச் சராசரி 57.

சரி, எழுதாதவனுக்கு எதைக்கொண்டு மதிப்பிடுவது? வாராக்கடனை நாம் மதிப்பிடுவதுபோலத்தான். இன்ன தொழில், இவ்வளவு நாள் பாக்கி, முன்னர் இப்படிப்பட்டவர் எவ்வளவு கட்டினார் என்று பார்த்து ஒரு தொகை வைக்கிறோம் அல்லவா? அங்கே, இத்தகைய பிள்ளை ஒவ்வொருவரையும் பற்றி, எழுதினாலும் எழுதாவிட்டாலும், பள்ளியார் ஒரு படிவம் நிரப்புகின்றனர்: குறை எத்தகையது, எவ்வளவு கடுமையானது, எந்த வகுப்பின் தரத்தில் வாசிக்கிறான் என்பன போன்றவை. அதே குறைகளோடு எழுதிய பிள்ளைகளின் மதிப்பெண்களிலிருந்து எழுதாதவனுக்கு ஒன்றை ஊகிப்பர். ஒத்தவர் அனைவருக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுவதுமில்லை. ஒரே குறையுள்ளோரிடையிலும் ஏற்றத்தாழ்வு உண்டாதலால், அந்த வேறுபாட்டையும் சேர்த்தே கணிப்பர்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. படிவத்தில் இருவரும் ஒத்திருக்கலாம். ஆயினும் ஒருவனை எழுதவிட்டு மற்றவனை நிறுத்தியதற்குப் படிவத்தில் ஏறாத காரணம் ஏதேனும் இருந்திருக்கும். ஆகவே ஊகம் சற்றுத் தாராளமாகவே அமையக்கூடும் என்பது என் கருத்து. இருந்தும், மூட்டையை மறைப்பதைவிட இது மேல்.

மதிப்பீடு வந்ததால் வழக்கம் உடனே திருந்திவிட்டதா என்றால், இல்லை. 2010இல் அச்சோதனையின் ஆட்சி மன்றம், தேர்ந்தெடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு 95 பேரும், குறையுள்ளோர், ஆங்கிலம் கற்போர் ஆகியோரில் நூற்றுக்கு 85 பேரும் எழுதவேண்டும் என இலக்கு வைத்தது. அதன் பின்னரும், 2013இல் மேரிலாந்து மாநிலத்தில் 4ஆம் வகுப்பு வாசிப்புச் சோதனைக்கு இவ்விரு பிரிவினரில் பாதிக்கு மேற்பட்டோர் விலக்கப்பட்டனர். பாடத்தைப் பிறர் வாசித்துக் காட்டும் சலுகை அம்மாநிலச் சோதனையில் உண்டு, தேசியச் சோதனையில் இல்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். வாசிப்பைச் சோதிக்கையில் வாசித்துக் காட்டலாகாது என்பது நியாயமே. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வருமா என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே போயிற்று.

இந்த மதிப்பீடு கூட்டத்துக்குரியது என்பதையும் மறக்கலாகாது. இச்சோதனையை எழுதிய பிள்ளைக்கே தனி மதிப்பெண் தருவதில்லை. எழுதாத பிள்ளைக்கு எங்கே தருவது? தன் மகனுக்கு எவ்வளவு வரும் என்று அறிய விரும்பும் தந்தை, கூடுதல் நேரம், தனியறை, பெரிய எழுத்து என்று பிள்ளைக்கு ஏற்ற வசதியோடு பள்ளியிலேயே அவனைச் சோதித்துச் சொல்லும்படி உபாத்தியாயரிடம்தான் கேட்கவேண்டும்.